சனிக்கிழமைகளில் லத்தீன்

ரொறன்ரோவுக்கு வந்து மூன்றாவது வருடம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சனிக்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, ஒரு வயதான பெண்மணிக்கு லத்தீன் வாசித்துக் காட்ட வேண்டும். அப்போது இதைச் சொல்லி யாரையும் நம்பவைக்க என்னால் முடியவில்லை. இப்போது சொன்னாலும் சிலர் சிரிக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சென் ஜேம்ஸ் ரவுணில், பதினெட்டாம் மாடியில், இரண்டு அறை அப்பாற்மென்ற் ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் வெவ்வேறு ஷிஃப்ற். ஒருவன் படுக்கையிலிருந்து எழும்ப இன்னொருவன் வந்து அதே சூட்டில் படுப்பான். ஒரு வீட்டில் இருந்துகொண்டே நாட்கணக்கில் ஒருவரையொருவர் விழித்த கண்ணோடு காணாமல் இருந்திருக்கிறோம். நான் ஸ்காபரோவில் போத்தல் மூடி செய்யும் பக்ரரி ஒன்றில் வேலை செய்தேன். மெஷின் சத்தத்தில் அங்கே கதைக்க முடியாது, சைகைதான். சில நாட்களில் பஸ்காரனுக்குச் சொன்ன நன்றியைத் தவிர வேறு ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வெளியே வந்திருக்காது.

ஊரில் நான் ஆறு வருடம் குருமடத்தில் படித்தவன். பாதிரியாராக இன்னும் கொஞ்சக் காலமே இருந்தபோது வெளியே வந்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. செபம் சொல்லும்போது மறுபக்கத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றாமல் போய்விட்டது, அவ்வளவுதான். வீட்டில் அதைச் செத்தவீடு போல எடுத்துக்கொண்டார்கள். அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். அம்மா மட்டும் கடிதம் எழுதுவார், ஒவ்வொன்றிலும் கடைசி வரியில், கோயிலுக்குப் போகிறாயா என்று கேட்டு.

போனேன். நம்பிக்கையில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. கடைசி வாங்கில் இருந்துவிட்டு, பூசை முடிந்ததும் நிலவறையில் கோப்பி கொடுப்பார்கள், அதைக் குடித்துவிட்டு வருவேன். அங்கேதான் ஒருநாள் பங்குச் சுவாமியார் என்னை விசாரித்தார். குருமடக் கதையைச் சொன்னேன். என்ன படித்தாய் என்றார். தத்துவம், கொஞ்சம் இறையியல், நிறைய லத்தீன் என்றேன். எங்களுக்குப் படிப்பித்த பழைய சுவாமியார் ஒருவர், உலகம் முழுக்க லத்தீனைக் கைவிட்ட பிறகும் தான் விடாமல் எங்கள் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பங்குச் சுவாமியார் என்னைத் தேடிவந்து ஒரு துண்டுக் கடதாசி தந்தார். அதில் ஒரு விலாசம். வெல்லெஸ்லி வீதியைக் கடந்தால் வந்துவிடும் இடம். வீதியின் இந்தப் பக்கம் எங்களுடைய மாடிக் கட்டடங்கள், அந்தப் பக்கம் செங்கல் வீடுகளும் மேப்பிள் மரங்களும். மூன்று வருடமாக நான் கடக்காத வீதி.

கதவைத் திறந்த அம்மையாருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். பல்கலைக்கழகத்தில் லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை. கண்ணின் நடுப்பகுதி பார்வை போய்விட்டது. ஓரத்தால் நிழல்போலத் தெரியும். அதனால் என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் தோளுக்கு அப்பால் பார்ப்பார். முதலில் எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். எனக்கு அது இப்போது தமிழில்தான் ஞாபகம் வருகிறது.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"போத்தல் மூடி செய்கிறேன்."

"நல்லது. பொறுமை இருக்கும்" என்றார்.

அவர் என் கையில் தந்தது உள்ளங்கை அளவான ஒரு புத்தகம். நானூறு வருடத்துக்கு மேல் பழையது. தோல் அட்டை வாழைச்சருகு நிறத்தில் இருந்தது. விவிலியத்தில் உள்ள சங்கீதங்கள் நூற்றைம்பதையும் ஒரு புலவர் லத்தீன் செய்யுளாக மாற்றி எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்ற மனிதராம். மதவிசாரணையில் அகப்பட்டு, ஒரு மடத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்தபோது இதை எழுதத் தொடங்கினார் என்று அம்மையார் சொன்னார்.

நான் முதல் பக்கத்தை வாசித்தேன். ஐந்து வரி போகுமுன் கையை உயர்த்தினார்.

"நீங்கள் கோயிலில் வாசிப்பதுபோல் வாசிக்கிறீர்கள். இது வசனம் இல்லை. செய்யுள். சில அசை நீளும், சில குறுகும். நீண்டது குறுகியதைப்போல் இரண்டு மடங்கு."

"எங்களுக்கும் அது இருக்கிறது" என்றேன். "குறில், நெடில் என்போம். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை. சின்ன வகுப்பிலேயே படிப்பிப்பார்கள்."

"பேசும்போதும் அப்படியா?"

"பேசும்போதும்தான். நெடிலைக் குறிலாகச் சொன்னால் சொல்லே மாறிவிடும்."

பென்சிலால் மெல்லிதாக வரிகளுக்கு மேல் குறிபோட விட்டார். எந்த அசை நீளும் என்ற விதிகளைச் சொல்லச் சொல்ல, நான் குறித்தேன். பிறகு மறுபடி வாசித்தேன், சின்ன வகுப்பில் செய்யுள் ஒப்புவிப்பதுபோல், நெடிலை நெடிலாக, குறிலைக் குறிலாக. முடித்துவிட்டு, பிழைவிட்டேனோ என்று பார்த்தேன்.

"இன்னொரு முறை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆங்கிலம் பேசுகிற நாங்கள் அழுத்தித்தான் வாசிப்போம், நீட்டத் தெரியாது. இந்த அளவையெல்லாம் நான் கண்ணால்தான் படித்திருக்கிறேன். காதால் கேட்டதில்லை" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது, எங்களில் மூத்தவர் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணை.

"சனிக்கிழமையில எங்கை ஐசே போனனீர்?"

"ஒரு மனிசிக்குப் புத்தகம் வாசிக்கப் போனனான் அண்ணை."

"என்ன புத்தகம்?"

"சங்கீதம்."

"அட! பாட்டு வகுப்போ? உமக்குப் பாட வருமெண்டு சொல்லவேயில்லை."

"இல்லையண்ணை. பைபிளில இருக்கிற சங்கீதம். லத்தீனில."

அண்ணை கத்தியை வைத்துவிட்டு என்னைக் கனிவோடு பார்த்தார். "வீடு கூட்டித் துடைக்கிற வேலையெண்டால் சொல்லும் ஐசே. உதில வெக்கப்பட என்ன கிடக்கு? நான் கோப்பை கழுவேல்லையே?"

அதற்குப் பிறகு நான் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை.

பேராசிரியைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தின் ஒரு சிறு ஊரில் வைத்தியர் ஒருவர் இறந்துபோனார். அவர் வீட்டிலிருந்த பொருட்களையெல்லாம் அயலவர் இருவர் அறை அறையாகப் போய்ப் பட்டியல் எழுதியிருந்தார்கள். சட்டி பானை, கட்டில், விரிப்பு, அவற்றுக்கிடையே எழுபதுக்குக் கொஞ்சம் கூடிய புத்தகங்கள். அந்தக் காலத்தில் ஒரு தனி ஆளிடம் அது பெரிய நூலகம். எழுதியவர்களுக்கோ படிப்பறிவு குறைவு. "பழைய மருந்துப் புத்தகம்", "பெரிய கறுப்புப் புத்தகம்" என்ற அளவில்தான் குறித்திருந்தார்கள். அவை ஒவ்வொன்றும் உண்மையில் எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிப்பதிலேயே இவர் பதினைந்து வருடத்தைச் செலவழித்திருந்தார். வேலை முடியும் தறுவாயில் கண் போய்விட்டது. கைப்பிரதியின் போட்டோப்பிரதியையும் தட்டச்சுப் பிரதியையும் ஒப்புநோக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. முதல் ஒரு மணி நேரம் அந்தப் பட்டியல், பிறகு சங்கீதம் என்று எங்கள் சனிக்கிழமை அமைந்தது.

பழைய கையெழுத்து எனக்கு மெல்ல மெல்லப் பழகியது. பக்ரரியில் மூடிகள் விழும் சத்தத்துக்குள் நெடில் குறில் கேட்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை வந்தால் சட்டையைக் கழுவிக் காயப்போட்டேன்.

அந்த வருட மாரிக்கு முன்பே ஊரிலிருந்து கடிதம் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாற்மென்றில் ரெலிபோன் ஓயாமல் அடித்தது. எடுத்தவன் ஒவ்வொருவனும் தன் ஆட்களைப் பற்றிக் கேட்டான். என்னுடைய ஆட்களைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் பிழை பிழையாக வாசித்தேன்.

"என்ன நடந்தது?" என்றார்.

சொன்னேன்.

"உங்கள் தாயார் எங்கே?"

"தெரியாது."

அவர் கவலைப்படாதே என்று சொல்லவில்லை. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். பாதித் தேநீர் தட்டில் ஊற்றுப்பட்டிருந்தது.

"வாசிக்கிறீர்களா, போகிறீர்களா? இரண்டும் சரிதான்."

"வாசிக்கிறேன்."

அன்று முறைக்கு வந்த சங்கீதத்தில் அழுகை எதுவும் இல்லை. மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றி சொல்லும் பாட்டு. அதுவே எனக்கு நல்லதாய் இருந்தது. முடிந்ததும் நான் கேட்டேன், "அடைத்து வைத்திருந்த இடத்தில் இந்த மனுசன் ஏன் இதைச் செய்தார்? வசனமாக ஏற்கெனவே இருக்கிறதுதானே?"

"அவர்களே தண்டனையாகக் கொடுத்த வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு என்னவோ, எண்ணுவதற்கு அவருக்கு ஏதாவது தேவைப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது."

"நீங்கள் விசுவாசியா?"

"இல்லை. நீங்கள்?"

"இல்லை" என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவும் அப்பாவும் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று ஐந்து கிழமை கழித்துத் தெரிந்தது. அதை நான் முதலில் சொன்னது அவருக்குத்தான்.

பட்டியலின் கடைசிப் பக்கம் ஏப்ரலில் வந்தது. அது வைத்தியரின் படுக்கையறை. மற்றப் புத்தகங்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க, இங்கே ஒரேயொரு புத்தகம், மெழுகுதிரித் தண்டுக்கு அடுத்ததாக எழுதப்பட்டிருந்தது. பேராசிரியையின் தட்டச்சுப் பிரதியில் அது "சங்கீதங்கள், தாள்களாக" என்று இருந்தது. கட்டப்படாத வெறும் தாள்கள், எந்தப் பதிப்பு என்று தெரியாது என்று கீழே குறிப்பும் இருந்தது.

நான் போட்டோப்பிரதியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

"தாள்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஷீற்ஸ்'. அதில் எச் என்ற எழுத்தும் கடைசியில் எஸ்ஸும் வரவேண்டும். இங்கே இரண்டும் இல்லை."

"தெரியும். விட்டுவிட்டான். பிழை மலிந்த ஆள் அவன்."

"இதே பக்கத்தில் மேலே கட்டில் விரிப்புகளை எழுதியிருக்கிறான். அதுவும் 'ஷீற்ஸ்'தான். மூன்று இடத்திலும் இரண்டு எழுத்தும் இருக்கின்றன."

அவர் நிமிர்ந்தார். "முதல் எழுத்தைப் பாருங்கள்."

அந்தக் காலத்துக் கையெழுத்தில் எஸ்ஸும் எஃப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீண்டு வளைந்திருக்கும். எஃப்புக்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு உண்டு. கண்ணைக் கிட்டக் கொண்டுபோனேன். மங்கலாக, ஆனால் இருந்தது.

"எஃப். 'ஃபீற்' என்று எழுதியிருக்கிறான். பாதங்கள்."

"பாதங்களில் சங்கீதமா? அர்த்தமில்லையே."

"தமிழில் செய்யுளின் வரியை அடி என்போம். அடி என்றால் பாதம்தான்."

அவருடைய கை மேசையில் கோப்பையைத் தேடி, தேடியதை மறந்து அப்படியே நின்றது. "லத்தீனிலும் பாதம்தான்" என்றார் மெதுவாக. "ஆங்கிலத்திலும்தான். எத்தனை வருடம் பிள்ளைகளுக்கு இந்தப் பாதங்களை எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். செய்யுளில் எழுதிய சங்கீதம்." பிறகு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "ஆனால் பட்டியல் எழுதினவனுக்கு லத்தீன் தெரியாதே. அவனுக்கு எப்படித் தெரியும் இது செய்யுள் என்று?"

"யாரையாவது கேட்டிருப்பான்."

"யாரை?"

"வீட்டில் யார் இருந்தது?"

"விதவை" என்றார். "அவளுக்கும் லத்தீன் தெரிந்திருக்காது. புருசன் படுக்கையிலிருந்து வாசித்தபடி சொல்லியிருப்பான், இது பாதங்களில் உள்ள சங்கீதம் என்று. அவளுக்கு அந்தப் புத்தகத்தின் பெயரே அதுதான்."

அந்த வீட்டுக்கு நான் போய்வந்த ஏழெட்டு மாதத்தில் அவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அன்று சொன்னார். அந்த வீட்டில் அவரோடு ஒரு சிநேகிதி முப்பது வருடம் இருந்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. புத்தகம் வாசிக்கிற பழக்கமில்லாதவர். ஆனால் ஆயிரக்கணக்கான புத்தகங்களில் எது எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். பச்சைத் தடியன், பூனை கடித்தது, ரயிலில் வாங்கினது, இப்படித்தான் அவர் பெயர் சொல்லுவாராம்.

"அவள் போய் நான்கு வருடம். புத்தகங்களுக்குப் பெயர் போய்விட்டது" என்றார். "இப்போது எதையும் தேடி எடுக்க முடியவில்லை. கண்ணால்தான் என்று டொக்டரிடம் சொல்லியிருக்கிறேன்."

நான் பட்டியலை மடித்து வைத்தேன். அவர் கேட்காமலே அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். இருட்டும்வரை வாசித்தேன்.

அடுத்த கிழமை குறிப்பை மாற்றி எழுதினோம். நான்தான் தட்டச்சில் அடித்தேன். என் பெயரைச் சேர்க்கவேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். "உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கோபித்தார். கடைசியில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு வாசகர் என்று போட ஒத்துக்கொண்டேன். அது அச்சில் வந்ததா என்பது எனக்குத் தெரியாது.

கோடையில் அவர் படியில் விழுந்து இடுப்பு உடைந்தது. அவருடைய தமக்கையின் மகள் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து வந்தாள். நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் முடித்தாள். வீடு விலைக்குப் போனது. அவரைத் தன் ஊரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகச் சொன்னாள். புத்தகங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு. பெட்டிகளில் அடுக்க நானும் உதவி செய்தேன்.

போவதற்கு முதல் நாள் அவர் சங்கீதப் புத்தகத்தை என் பக்கம் நீட்டினார். "இது பெட்டிக்குள் போகவேண்டாம். நீங்கள் எடுங்கள்."

நான் எங்கள் அப்பாற்மென்றை நினைத்துப் பார்த்தேன். குசினிப் புகை, மேல்மாடியிலிருந்து ஒழுகும் குளியலறைத் தண்ணீர், ஐந்து பேர், எனக்கென்று இருந்தது ஒரு சூட்கேஸ். நானூறு வருடம் தப்பிவந்த ஒன்று என் கையில் பழுதாகிப் போவதை நான் விரும்பவில்லை. "நூலகத்தில் பத்திரமாக இருக்கும்" என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு அது வலித்தது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் சொன்னதை நான் மாற்றவில்லை. வாழ்க்கையில் நான் மறுத்தவற்றில் இன்றும் உறுத்துவது அது.

மூன்று கிழமை கழித்து அவர் அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார். குரல் தூரத்தில் கேட்டது.

"இங்கே தொலைக்காட்சி ஓயாமல் ஓடுகிறது. எனக்கு நான்கு வரி வாசியுங்கள்."

என்னிடம் புத்தகம் இல்லை. மனப்பாடமாக இருந்த நான்கு வரியைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை காலை பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். அரிய புத்தகங்கள் உள்ள அறையில் யாரும் இருந்து பார்க்கலாம், பேனை மட்டும் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அந்தச் சின்னப் புத்தகத்தை ஒரு பஞ்சு மெத்தைமேல் வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். நான் போட்ட பென்சில் குறிகள் அப்படியே இருந்தன. ஒரு கொப்பியில் அவற்றையும் சேர்த்துப் பார்த்தெழுதினேன். பின்னேரம் இரண்டு மணிக்கு, கடையில் வாங்கிய ரெலிபோன் அட்டையில் மறைத்திருந்த நம்பரைச் சுரண்டி, மேற்குக் கரைக்கு அடித்து வாசித்தேன்.

ஒரு மாரியும் அடுத்த வசந்தமும் அப்படிப் போயின. சில நாட்களில் அவர் நடுவில் நிறுத்தித் திருத்துவார். சில நாட்களில் மூச்சு மட்டும் கேட்கும். குசினியில் நின்று நான் போனில் வாசிப்பதை அண்ணை ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்த பிறகு, "உண்மையாத்தான் வாசிக்கிறீர் என்ன" என்றார். அதன்பிறகு சனிக்கிழமை இரண்டு மணிக்கு ரேடியோவை அவரே நிற்பாட்டிவிடுவார்.

கடைசித் தடவை நான் வாசிக்கத் தொடங்கியதும், "யார் பேசுவது?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. போத்தல் மூடி செய்கிறவன் என்றேன். அதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் வாசித்தேன். முதல் வரி முடிய, அடுத்த வரியை அவர் சொன்னார். நீட்டவேண்டிய இடத்தில் நீட்டி, ஒரு பிழையும் இல்லாமல். அதற்கடுத்ததை நான், அதற்கடுத்ததை அவர். ஆறு வரி அப்படிப் போனது. பிறகு ஒரு தாதி போனை வாங்கி, அவருக்குச் சாப்பாட்டு நேரம் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை நான் அடித்தபோது, அவர் இப்போது அழைப்புகளை எடுப்பதில்லை, சொந்தக்காரர் என்றால் மட்டும் விபரம் சொல்லலாம் என்றார்கள். சொந்தக்காரர் இல்லை என்றேன். அவர் எப்போது இறந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகும் ஒருமுறை நூலகத்துக்குப் போய் இன்னொரு சங்கீதத்தைப் பார்த்தெழுதினேன். எழுதி முடித்து, வாசித்துக் காட்ட ஆளில்லாமல், வெளியே படிக்கட்டில் இருந்து எனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த வாரம் பக்ரரியில், இனிச் சனிக்கிழமைகளில் ஓவர்ரைம் வரமுடியுமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.